பச்சைக் கம்பி

குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து வள்ளியம்மை இட்லித் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜனவரி மாதத்து டெல்லித் தண்ணீர் விரல்களைக் கடித்தது. கீசரின் சுவிட்ச் தலைக்கு மேலேயே இருந்தது. போட்டுக்கொள் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அவள் வழக்கமாகத் தேய்க்கும் இடம் இதுவல்ல. சமையலறை மூலையில் தரையை ஒட்டி ஒரு குழாய் உண்டு. தண்ணீர் பரவாமல் இருக்க ஒரு சாண் உயரத்தில் சிமெண்டுத் தடுப்பும் இருந்தது. ஒன்பது வருஷமாக அவள் உட்கார்ந்த இடம். நேற்று பிளம்பர் வந்து தடுப்பை உடைத்தான். பின்னாலேயே கம்பெனி ஆள் வந்து, குழாயில் வெள்ளை டியூபை மாட்டி, அந்த மூலையில் பாத்திரம் கழுவும் மெஷினை நிறுத்தினான். பக்கத்தில் பவர் பிளக் இல்லாததால் அது ஓடவில்லை. ஓட ஆரம்பித்தால் இந்த மாதத்தோடு வள்ளியம்மைக்கு இந்த வீட்டில் வேலை இல்லை.

ருக்மிணி மாமி அதை ஒளிக்கவில்லை. நேரடியாகவே சொன்னாள். "எங்க பிள்ளை கௌஷிக் பெங்களூர்லேந்து வாங்கி அனுப்பிட்டான். இனிமே பாத்திரம் இல்லேன்னா உனக்கு என்னடி வேலை? பெருக்கித் துடைக்கக் கீழ் ஃபிளாட்டுக்கு வர பொண்ணே போறும்னுட்டார் மாமா. நான் என்ன பண்றது சொல்லு."

மாமி இன்னொன்றையும் சொன்னாள். "உன் புருஷன் எலக்ட்ரீஷியன்தானே? அவனையே வந்து பிளக் போடச் சொல்லேன். தெரிஞ்ச மனுஷனா இருந்தா நன்னாருக்கும்."

வள்ளியம்மை சரி என்றாள்.

யோசித்துத்தான் சொன்னாள். முனிர்க்கா மார்க்கெட்டில் காலையில் போனால், டூல் பையை முன்னால் வைத்துக்கொண்டு எலக்ட்ரீஷியன்கள் வரிசையாக வெயில் காய்வார்கள். கை நீட்டினால் நாலு பேர் எழுந்து வருவார்கள். அவள் புருஷன் செல்வராஜுக்கோ பெரிய கட்டடத்தில் வேலை. காற்றில் புகை அதிகம் என்று கட்டட வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்ததிலிருந்து சும்மா இருக்கிறான். குளிர்காலம் வந்தால் வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த வருஷம் புகை போகவே மாட்டேன் என்றது. குடிசையில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு டீயில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போட்டான். சரோஜினி நகர் அரசு குவார்ட்டர்ஸை இடித்தபோது வள்ளியம்மை வேலை செய்த வீடுகள் பல போய், மிஞ்சியது இரண்டு. அதில் இது பெரியது. இப்போதைக்கு அடுப்பு எரிவது இதை வைத்துத்தான்.

எல்லாவற்றையும் சொன்னால் செல்வராஜ் வரமாட்டான். வந்தாலும் வாய் சும்மா இருக்காது. அதனால் "கிரைண்டருக்கு ஒரு பிளக் போடணுமாம்" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

அழைப்பு மணி அடித்தது.

கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் புருஷன் வேலை செய்து அவள் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்த செல்வராஜ் குடத்தை நகர்த்தினாலே காலில் போட்டுக்கொள்கிறவன். இங்கே வாசலில் நின்ற ஆள் பேட்டரியில் ஓடும் டிரில்லிங் மெஷினைப் பழைய துண்டில் குழந்தையைப்போலச் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். தலைமுடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தான்.

"செருப்பை வெளில விட்டுட்டியோன்னோ?" என்றாள் மாமி.

"விட்டுட்டேம்மா. ஆனா ரப்பர் செருப்பு போட்டாதான் கரண்ட்ல கை வைக்க முடியும்."

"சமையல் உள்ளுல செருப்பா? நன்னாருக்கு. இரு, பலகை தரேன்."

மாமி கிரைண்டர் பக்கத்தில் கிடந்த மரப்பலகையைக் காலால் தள்ளிவிட்டுக் கூடத்துக்குப் போனாள். செல்வராஜ் பலகையைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் கதவில் ஒட்டியிருந்த படத்தில் தட்டுகளும் டம்ளர்களும் நட்சத்திரம்போல மின்னின.

"வள்ளி."

"ம்."

"இது என்னா?"

"மெஷின்."

"கண்ணு தெரியுது. கிரைண்டர்னு சொன்னியே."

"கிரைண்டரும் பக்கத்துலதான் இருக்குது."

அவன் சிரித்துவிட்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "உன் சோத்துல மண்ணைப் போட என்னையே கூட்டியாந்திருக்க பாரு. உன்ன மாதிரி ஒருத்திய எங்கியும் தேட முடியாதுடி."

"நீ போடலன்னா மார்க்கெட்டுல உக்காந்திருக்கறவன் போடுவான். எவன் போட்டாலும் மண்ணுதான். கூலியாச்சும் நம்ம வூட்டுக்கு வரட்டும்."

"நான் போறேன்."

"போ. போயி போத்திக்கினு படு."

அவன் போகவில்லை. வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே பையைத் திறந்தான். டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டான். மெயினை அணைத்துவிட்டு வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான். விரல் முட்டியால் தட்டுவது, காதை வைப்பது, ஒரு அடி நகர்வது. ஓரிடத்தில் நின்று பென்சிலால் கோடு போட்டான்.

"இதுக்குப் பின்னாடி பாத்ரூமு. கீசருக்கு தடிமனான ஒயர் வருது. அதுலேந்தே கரண்ட் எடுத்துக்கலாம்."

"பாக்காமயே எப்பிடிச் சொல்ற?"

"நீ மூடியத் தொறக்காம சோறு வெந்துடுச்சின்னு சொல்றல்ல. அப்பிடித்தான்."

தண்ணீர் பாதி நிரப்பிய பாட்டிலைச் சுவரில் படுக்கவைத்து, தண்ணீர் மட்டம் பார்த்து பிளக் வைக்கும் பாக்ஸுக்குக் கோடு இழுத்தான். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் கவரைக் கோட்டுக்குக் கீழே டேப் போட்டு ஒட்டினான். டிரில் ஓடியபோது செங்கல் தூள் சிவப்பாக அந்தக் கவருக்குள் விழுந்தது. தரையில் ஒரு துளி விழவில்லை. கவர் நிரம்பியதும் எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இன்னொன்று ஒட்டினான்.

"எதுக்குய்யா அது? நான்தான் கூட்டப்போறேன்."

"அதான்" என்றான்.

வள்ளியம்மை தேய்த்த தட்டுகளைக் கவிழ்க்க மறந்து நின்றாள். வீட்டில் சட்டைப் பொத்தான் போடவே அவசரப்படும் கை, இங்கே ஒயரின் பிளாஸ்டிக் தோலை மட்டும் உரித்தது, உள்ளே ஒரு இழைகூட அறுபடாமல். உரித்ததை முறுக்கி, மடக்கி, உள்ளே விட்டு, திருகைத் திருப்பி, இழுத்துப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்தது.

கிரைண்டர் மாட்டியிருந்த பழைய போர்டையும் கழற்றினான். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தவன் நிமிரவே இல்லை. பிறகு காலடியில் கிடந்த பலகையைப் பார்த்தான்.

"இந்தப் பலகை எதுக்கு இங்க கெடக்குது?"

"கிரைண்டரத் தொட்டா சுருக்குன்னு அடிக்கும். மேல ஏறி நின்னுக்கினு தொடச் சொல்லுவாங்க மாமி."

"எத்தினி நாளா?"

"நான் வந்ததுலேந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னேன். கரண்டுன்னா அடிக்காம கொஞ்சுமான்னு கேட்டுட்டு அந்தாண்ட திரும்பிப் படுத்துக்கின."

செல்வராஜ் டார்ச்சை மறுபடி உயர்த்தினான். "இங்க வா" என்று மட்டும் சொன்னான். போர்டுக்குள் காட்டினான். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வெறும் திருகு, தூசி படிந்து கிடந்தது.

"இங்க பச்ச ஒயர் ஒண்ணு வரணும். எர்த்து. மெஷினோட ஒடம்புல கசியற கரண்ட அது இழுத்துக்கினு போயி மண்ணுல விட்டுடும். அது இல்லன்னா, யாரு தொடறாங்களோ அவுங்க வழியா போவும். பச்ச ஒயர் வாசல் மெயின் போர்டு வரைக்கும் வந்திருக்குது. உள்ள ஒருத்தனும் இழுக்கல."

கூடத்தில் மாமி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமியின் கணவர் சேஷன் சார் போனில் யாரிடமோ பென்ஷன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். செல்வராஜ் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, உதடு அசையாமல் சொன்னான்.

"எர்த் இல்லாமயே இந்தப் பிளக்க குடுத்துட்டுப் போயிடவா? மெஷின் ஓடும். தொட்டா சுருக்குன்னு அடிக்கும். நாலு தரம் வாங்கினா பயந்துகினு கம்பெனிக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. நீ பாட்டுக்கு உன் எடத்துல உக்காந்துக்கலாம்."

விளையாட்டாகத்தான் சொன்னான். சிரிக்கக் காத்திருந்தான். வள்ளியம்மை சிரிக்கவில்லை.

"எப்பிடி அடிக்கும்?"

"கிரைண்டர் மாதிரிதான்."

"செத்துட மாட்டாங்கல்ல?"

"சாமானியத்துல சாவ மாட்டாங்க. உள்ள ஒயர் எதுனா எரிஞ்சி ஒட்டிக்கினா சொல்ல முடியாது."

அவள் கூடத்தைப் பார்த்தாள். மாமி வீங்கிய காலைப் பிரம்பு மோடாமேல் தூக்கி வைத்திருந்தாள். இந்தக் காலுக்குத் தைலம் தேய்த்தவள் வள்ளியம்மை. உடைத்த தடுப்பின் துண்டுகளை நேற்று முறத்தில் அள்ளி மூன்று மாடி இறங்கிக் கொட்டியவளும் அவள்தான்.

"நான் ஒம்பது வருஷம் சாவல" என்றாள். "அப்பிடியே குடுத்துடு."

செல்வராஜ் டெஸ்டர் முனையால் காதைக் குடைந்தான். அவளையே பார்த்தான். பிறகு போர்டுக்குள் பார்த்தான்.

"வேணாம்டி."

"ஏன்? பயமா?"

"மெஷின் எங்கியும் போவாது. உனக்குப் போட்டாங்க இல்ல, அதே பலகையப் போட்டுக்குவாங்க. அவ்ளோதான்." கொஞ்சம் நிறுத்தி, "அதுவும் இல்லாம செல்வராஜ் போட்ட பிளக்குல ஷாக் அடிக்குதுன்னு நாளைக்கு எவனாவது சொன்னான்னு வையி, நான் தூக்கு மாட்டிக்கினுதான் சாவணும்."

"ரொம்பத்தான் பீத்திக்கற."

"பீத்தறதுக்கு வேற என்னா இருக்குது எங்கிட்ட?"

பையைத் தட்டிக்கொண்டு எழுந்து கூடத்துக்குப் போனான். வள்ளியம்மை சமையலறை வாசலில், கையில் ஈயச் சொம்புடன் நின்றாள்.

"சார், வாசல்லேந்து சமையல் ரூமு வரைக்கும் ஒரு எர்த் ஒயர் இழுக்கணும். கூடத்துச் சுவர்ல மேலால பிளாஸ்டிக் பட்டி அடிச்சி கொண்டாந்துடறேன்."

சேஷன் போனைக் கீழே வைத்தார். மந்திரி அலுவலகத்துக் கோப்புகளைப் பார்த்துப் பழகிய முகம். எதையும் முதலில் மறுத்துவிட்டுத்தான் படிப்பார். "தீபாவளிக்குத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கு. கம்பெனிக்காரன் பிளக் பாயிண்ட் மட்டும்தானே கேட்டான்?"

"பிளக்குல மூணு ஓட்டை இருக்குது சார். உங்க வூட்டுல ரெண்டுக்குத்தான் ஒயர் இருக்குது."

"இந்த ஃபிளாட் அலாட் ஆன நாள்லேந்து அப்படித்தான் இருக்கு. யாருக்கு என்ன ஆயிடுத்து?"

"கிரைண்டர் ஷாக் அடிக்குது சார்."

"அது தெரியுமே. அதுக்குத்தான் பலகை போட்டிருக்கு." மாமியைப் பார்த்தார். "இல்லையா ருக்கு?"

"நான்கூட பலகைமேலதான் நிக்கறேன்" என்றாள் மாமி, பீன்ஸிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அச்சா, இதுக்கும் ஒரு பலகை போட்டுண்டா போச்சு. சுவத்தை அசிங்கம் பண்ணாதே. ஜல்தி முடி."

செல்வராஜ் தலையைச் சொறிந்தான். திரும்பப் போகிறவன்போல ஒரு அடி வைத்தான். பிறகு நின்றான்.

"பண்ணிடலாம் சார். ஆனா எர்த் இல்லன்னா மெஷினுக்குள்ள இருக்கற போர்டு கருகிப் போயிடும். கம்பெனிக்காரன் வந்தா மொதல்ல எர்த்தத்தான் செக் பண்ணுவான். இல்லன்னா வாரண்டி தரமாட்டான்."

சேஷன் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாரண்டி போயிடுமா?"

"போயிடும் சார்."

"முதல்லயே சொல்றதுக்கென்ன? இழு, இழு. நல்ல ஒயராப் போடு. மெஷின் எவ்வளவு காஸ்ட்லி தெரியுமா?"

வள்ளியம்மை சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒயர்ச் சுருளை அவளிடம் கொடுத்தான் செல்வராஜ். அவன் ஸ்டூலில் ஏறினான். அவள் கீழே நின்று அவிழ்த்துக் கொடுத்தாள்.

"கொஞ்சங் கொஞ்சமா குடு. முறுக்கு விழாம."

"எனக்குத் தெரியும்."

"நூல்கண்டு மாதிரி. ஆங். பஸ், போதும். இப்பப் புடி."

இருபது நிமிஷத்தில் பேச்சு நின்றுபோனது. அவன் கையை நீட்டினால் ஆணி வந்தது; மறுபடி நீட்டினால் சுத்தியல் வந்தது. வாசலிலிருந்து கூடத்துச் சுவரின் உச்சியைத் தொட்டுக்கொண்டு, பூஜை அலமாரிக்கு மேலே வளைந்து, நிலைப்படியைத் தாண்டிச் சமையலறைக்குள் பச்சைக் கம்பி போயிற்று. அதன்மேல் வெள்ளைப் பட்டியை அழுத்தி மூடிக்கொண்டே அவன் போனான். மூலை வந்த இடத்தில் பட்டியைச் சாய்வாக வெட்டி இரண்டு முனைகளையும் சேர்த்தான். சேர்ந்த இடத்தை விரலால் தடவினாள் வள்ளியம்மை. நகம் சிக்கவில்லை. சுவரில் ஒரு கீறல் இல்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் முதலிலிருந்தே அங்கே இருந்ததுபோல இருந்தது.

"இவ்ளோ நல்லா செய்வியா நீ?" என்றாள். கேட்டது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"அங்க கட்டடத்துல எட்டு மாடி இழுத்திருக்கேன். வந்து பாத்தியா?"

"யாரு உள்ள வுடுவாங்க?"

"இப்ப என்னையே வுடமாட்டேங்கறான்" என்றான்.

புதுப் பிளக்கை வைத்து முடித்துவிட்டு அவன் பழைய கிரைண்டர் போர்டுக்கும் ஒரு துண்டு பச்சைக் கம்பியை இழுத்துக் கட்டினான். அதை யாரும் கேட்கவில்லை. சேஷனிடம் அவன் சொல்லவும் இல்லை. மெயினைப் போட்டு, பல்ப் கட்டிய ஒயரைப் பிளக்கின் ஓட்டைகளில் வைத்துப் பார்த்தான். பளிச்சென்று எரிந்தது. கிரைண்டரை ஓடவிட்டான்.

"பலகையத் தள்ளிட்டு தொடு."

"கை ஈரமா இருக்குதுய்யா."

"ஈரக் கையாலதான் தொடணும்."

வெறுங்காலுடன் ஈரத் தரையில் நின்று வள்ளியம்மை கிரைண்டர்மேல் உள்ளங்கையை வைத்தாள். தோள் தானாக இறுகியது. பிறகு தளர்ந்தது. அதன் அதிர்வு மட்டும்தான் தெரிந்தது. இன்னொரு கையையும் வைத்தாள்.

"ஒண்ணுமே இல்ல" என்றாள்.

"ஒண்ணுமே இருக்கக் கூடாது."

"இத்தன நாளு வுட்டுட்டு இன்னிக்கிப் பண்ற."

"இன்னிக்கித்தான் கூப்ட்ட."

மெஷின் ஓடி முடியும்வரை செல்வராஜ் இருக்கவேண்டும் என்று சேஷன் சொல்லிவிட்டார். கம்பெனி ஆள் வரும்வரை பொறுக்க அவரால் முடியவில்லை. போனில் பெங்களூரில் இருந்த கௌஷிக்கைக் கூப்பிட்டு, வீடியோவில் மெஷினைக் காட்டி, அவன் சொல்லச் சொல்ல உப்பும் பவுடரும் போட்டார். "அம்மா, சாம்பார் பாத்திரத்தை அப்படியே வைக்காதே. லைட்டா ரின்ஸ் பண்ணிட்டு வை" என்றது போன்.

"வள்ளி, ஒரு தண்ணி விட்டு அலம்பித் தா" என்றாள் மாமி.

ஒரு தண்ணி விட்டு அலம்புவது எப்படி என்று வள்ளியம்மைக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது தேய்ப்பதுதான். குளியலறையில் உட்கார்ந்து, அடிப்பிடித்த பால் பாத்திரத்தை நார் போட்டுத் தேய்த்தாள். சாம்பார் குண்டான், ரசச் சொம்பு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வாணலி, கரண்டிகள். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, திருப்தியான பிறகே கொண்டுபோய்க் கொடுத்தாள். மாமி வாங்கி மெஷினுக்குள் அடுக்கினாள். கதவை மூடினார் சேஷன். புதுப் பிளக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே தண்ணீர் பீச்சியடிக்கும் சத்தம் கேட்டது.

செல்வராஜ் மாடிப்படியில் உட்கார்ந்து பீடி பிடித்துவிட்டு வந்தான். மெஷின் ஓடி நின்றபோது மத்தியானம் ஆகிவிட்டிருந்தது. சேஷன் மறுபடி கௌஷிக்கைக் கூப்பிட்டு, போனை உயரப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தார். நீராவி வந்தது. பால் பாத்திரம் கண்ணாடிபோல இருந்தது.

"பாத்தியாடா? அடிப்பிடிச்ச பாத்திரம்! கையால தேய்ச்சா இப்படி வருமா?"

"வாவ்" என்றது போன். "அந்த வாணலியக் காட்டு."

சேஷன் போனை நகர்த்தினார். "வள்ளி, கொஞ்சம் தள்ளிக்கோ. மெஷின் மறையறது."

வள்ளியம்மை சுவர்ப் பக்கம் ஒதுங்கினாள்.

"அங்க இல்லை, பிளக்கையும் காட்டணும். எர்த்தெல்லாம் போட்டிருக்கோம்னு தெரியட்டும் அவனுக்கு."

அவள் அங்கிருந்தும் நகர்ந்தாள். நிற்க இடம் இல்லாமல் நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தாள். குளிரில் விறைத்த விரல்கள் சிவந்து, நுனியில் தோல் சுருங்கியிருந்தன. செல்வராஜ் ஸ்டூல்மேல் ஏறி, பட்டி எங்கேயாவது எழும்பியிருக்கிறதா என்று உள்ளங்கையால் நீவிப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே, பெங்களூரில் யாரோ கைதட்டினார்கள்.